மெஸ்கீட் ஏன் சாய்ந்தது: அரிசோனா பாலைவனத்தில் ஒரு சொட்டுநீர்ப் பிழை

2022 ஜூலை கடைசி வாரம், சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். தென்கிழக்கில் வானம் செங்கல் நிறத்துக்கு மாறியது. ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நிறம் பழக்கம்தான். முதலில் புழுதிச் சுவர், பின்னாலேயே காற்று, கடைசியில் மழை, அதுவும் வந்தால் உண்டு. அன்று மழை நாலு தூறலோடு சரி. காற்று மட்டும் இருபது நிமிடம் ஆடிவிட்டுப் போனது. கதவைத் திறந்து பார்த்தால், வீட்டு முன்னால் நின்ற மெஸ்கீட் மரம் பக்கத்து வீட்டு ஜல்லி முற்றத்தில் தலையை வைத்துப் படுத்திருந்தது. கிளை முறியவில்லை, நடுமரம் பிளக்கவில்லை. மேசை விளக்கைத் தட்டிவிட்டால் அடித்தட்டோடு சாயுமே, அப்படி வேர்த்தட்டோடு சாய்ந்திருந்தது.

இருபத்தைந்து அடி உயர மரம், இருபது நிமிடக் காற்றில். காற்றைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் அதே தெருவில், அதே ஆண்டு, அதே கட்டுமானக்காரர் நட்ட அதே வகை மரம் ஒன்று மூன்று வீடு தள்ளி அசையாமல் நின்றது. அதனால்தான் இந்த ஆராய்ச்சி.

ஊர் சாண்ட்லர். ஃபீனிக்ஸ் நகரின் தென்கிழக்குப் புறம், இன்டெல் தொழிற்சாலைகள் இருக்கிற ஊர், அதனாலேயே தமிழ்க் குடும்பங்களும் நிறைய. இந்தப் பகுதியின் ஆண்டு மழை சராசரி 180 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். தமிழ்நாட்டுச் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் வளர்ந்தவன். வறட்சி எனக்குப் புதிதில்லை என்ற நினைப்பில் இருந்தவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அது வேலைக்கு ஆகும்.

மெஸ்கீட் என்பது வேறு யாருமில்லை, நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி. அதே சிறகுபோன்ற இலை, அதே மஞ்சள் பூங்கொத்து, அதே காய். ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "வேலிக்கருவை விழுந்ததுக்கா ஏய்யா இம்புட்டு வருத்தம்? இங்க ஜேசிபி வச்சுப் புடுங்குனாலும் மறுவருசம் முளைச்சு நிக்கு." மரத்தை அறுக்க வந்த ஆளோ, கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், கட்டையை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அமெரிக்காவில் இறைச்சி வாட்டுவதற்கு மெஸ்கீட் விறகுக்குத் தனி மவுசு. மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது விசேஷமாகத் தெரியவில்லை. சரி என்றேன், ஆனால் வேர்த்தட்டை மட்டும் இரண்டு நாள் விட்டுவைக்கச் சொன்னேன்.

வேர்த்தட்டு சொன்னது

தட்டின் குறுக்களவு ஐந்தடி. கனம் ஒன்றரை அடி, சில இடத்தில் அதுவும் இல்லை. கீழே தொங்க வேண்டிய பருத்த வேர் ஒன்றுகூட இல்லை. நடுவில் பழைய நாற்றுத் தொட்டியின் வடிவம் அப்படியே தெரிந்தது. தொட்டிக்குள் வட்டமடித்த வேர்கள் மண்ணுக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியும் வட்டத்தை விடவில்லை. அதைச் சுற்றி விரல் தடிமனில் சல்லிவேர்க் கூட்டம், எல்லாம் மேல் ஓரடிக்குள். ஒரே ஒரு வேர் மட்டும் முழங்கை கனத்தில் வடமேற்கே, பக்கத்து வீட்டை நோக்கி ஓடியிருந்தது. அது ஏன் அங்கே போனது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். மேலே ஓர் ஜாண் வரைக்கும் மண் பிடித்தால் உருண்டையானது. பதினான்கு அங்குலத்துக்குக் கீழே பொடி. கையில் எடுத்தால் சாம்பல்போல் உதிர்ந்தது. அந்த எல்லையை ஒட்டி வெள்ளையாக உப்புப் பூத்த ஒரு கோடு. தண்ணீர் அதுவரைக்கும்தான் வந்திருக்கிறது, வந்த இடத்தில் உப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

மெஸ்கீட் இனம் ஆழம் போகாத இனம் என்று யாரும் சொல்ல முடியாது. இதே அரிசோனாவில் டூசான் அருகே திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் மெஸ்கீட் வேரைக் கண்டிருக்கிறார்கள். உலகத்திலேயே ஆழமான வேர்கள் என்ற பட்டியல் எதிலும் அது வரும். 53 மீட்டர் போகத் தெரிந்த சாதி, என் வீட்டு முன்னால் ஒன்றரை அடியில் நின்றுவிட்டது.

குழாயில் இருந்த கதை

2007-ல் வீடு கட்டியவர் போட்ட சொட்டுநீர் அமைப்புதான் சாயும்வரைக்கும் இருந்தது. அரையங்குலக் கருப்புக் குழாய், அதிலிருந்து நூல்போன்ற கால் அங்குல டியூப், அதன் நுனியில் எமிட்டர். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிற சிறு மூக்கு, நம் ஊரில் டிரிப்பர் என்போம். மரத்துக்கு நாலு எமிட்டர். ஒவ்வொன்றும் மணிக்கு 2 கேலன், அதாவது 7.6 லிட்டர். நாலும் தூரிலிருந்து ஓரடிக்குள். நட்ட அன்றைக்கு அது சரியான இடம். பதினைந்து கேலன் தொட்டிக் கன்றின் வேர் அவ்வளவுதான் இருக்கும், அதை நனைத்தால் போதும். ஆனால் மரம் வளர்ந்தது, எமிட்டர் வளரவில்லை. ஒரு எமிட்டரைத் தூர் பருத்து மூடிவிட்டிருந்தது. இன்னொன்றின் வாயைச் சுண்ணாம்பு அடைத்திருந்தது.

அதே வால்வில்தான் காகிதப்பூ, உண்ணிச்செடி, டெக்சாஸ் சேஜ் புதர்கள் எல்லாம். ஒரு வால்வு திறந்தால் மரத்துக்கும் புதருக்கும் ஒரே நேரம், ஒரே நாள். புதர் வாடாமல் இருக்க வேண்டுமே என்று நேரம் வைத்தால் மரத்துக்கும் அதே பங்குதான் கிடைக்கும்.

எவ்வளவு நேரம் வைத்திருந்தேன்? கோடையில் தினமும் இருபது நிமிடம். முன்னால் இருந்தவர் வாரம் மூன்று நாள் வைத்திருந்தார். வெயிலைப் பார்த்து மனம் கேட்காமல் தினமும் என்று மாற்றியவன் நான்தான். சொட்டுநீர் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி என்பதுதானே நமக்குத் தெரிந்தது? தக்காளிக்கும் வாழைக்கும் தினமும் ஓட்டுகிறார்கள், நன்றாக வருகிறது. அந்தப் பயிரின் வேர் மேலேயே இருக்கிறது, உரமும் அதே குழாயில் போகிறது, சில மாதத்தில் அறுவடை. நாற்பது வருடம் நிற்க வேண்டிய மரத்துக்கு அந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டது என் தப்பு. அமைப்பைப் பராமரித்த தோட்டக்காரரும் பருவத்துக்கு ஒருமுறை வந்து போனார், எமிட்டர் எங்கே இருக்கிறது என்று அவரும் குனிந்து பார்க்கவில்லை. மரம் விழுந்த பிறகு காற்றுக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்.

இருபது நிமிடத்தில் ஒரு எமிட்டர் விடுவது இரண்டரை லிட்டர். வண்டல் கலந்த எங்கள் மண்ணில், காய்ந்த நிலையிலிருந்து ஈரமாக்க, மண்ணின் கொள்ளளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை லிட்டர் இருபத்தைந்து லிட்டர் மண்ணை நனைக்கும். அதை அரைக்கோளச் சட்டியின் வடிவமாகக் கணக்குப் போட்டால் ஆரம் 23 சென்டிமீட்டர், ஒன்பது அங்குலம். மறுநாள் வெயில் அதில் பாதியை மேலேயே வாங்கிக்கொள்ளும். திரும்பவும் இரண்டரை லிட்டர். இப்படி ஐந்து வருடம் ஓட்டினாலும் தண்ணீர் இரண்டாவது அடியைப் பார்க்காது. வேர் எங்கே ஈரமோ அங்கேதான் நிற்கும். குழியில் பார்த்த பதினான்கு அங்குலக் கோட்டுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சொட்டுநீரின் பிறப்புக் கதையே ஒரு மரத்தின் கதைதான் என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது. இஸ்ரேலியப் பொறியாளர் சிம்ஹா பிளாஸ், யாரும் தண்ணீர் விடாமலே ஒரு மரம் மட்டும் பக்கத்து மரங்களைவிட ஓங்கி நிற்பதைப் பார்த்து அடியில் தோண்டினாராம். குழாய் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. மேலே தெரிந்தது கையளவு ஈரம், கீழே வெங்காயம்போல் பருத்துக்கிடந்தது பெரிய ஈரம். பல வருடம் கழித்து, 1965-ல் ஹட்ஸெரிம் கிப்புட்ஸ் என்கிற கூட்டுப்பண்ணையோடு சேர்ந்து அவர் அதை ஒரு தொழிலாக்கினார். அந்த மரத்துக்கு இருபது நிமிடம் கசிந்துவிட்டு நின்றுபோகிற குழாய் வாய்க்கவில்லை. நாள்முழுக்கக் கசிந்த குழாய்தான் வாய்த்தது. நாங்கள் கதையின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் பதினைந்து வருடம் எப்படி வாழ்ந்தது?

இதுதான் எனக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. மரத்தின் தேவையைக் கணக்குப் போட்டேன். விரிந்த தலையின் குறுக்களவு இருபது அடிக்குக் கொஞ்சம் குறைவு, பரப்பு 28 சதுர மீட்டர். ஜூன் மாதத்தில் இங்கே காற்றும் வெயிலும் நாளொன்றுக்கு எட்டரை மில்லிமீட்டர் அளவில் தண்ணீரை உறிஞ்சும். பாலைவன மரம் அதில் முழுவதையும் கேட்காது. 0.3 பங்கு என்று வைத்துக்கொண்டேன். 28 பெருக்கல் 8.5 பெருக்கல் 0.3, நாளொன்றுக்கு 71 லிட்டர் வருகிறது. இது வீட்டுக் கணக்கு. பத்து லிட்டர் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் நான் கொடுத்தது நாலு எமிட்டரும் ஒழுங்காக ஓடியிருந்தாலே நாளொன்றுக்குப் பத்து லிட்டர். மீதி அறுபது எங்கிருந்து வந்தது?

வடமேற்கே ஓடிய அந்த ஒற்றை வேர்தான் பதில். பக்கத்து வீட்டில் 2020 வரைக்கும் புல்தரை இருந்தது. தெளிப்பான் போட்டு, கோடையில் தினமும் அரையங்குலத் தண்ணீர் வாங்கிய புல்தரை. என் மரம் என் தண்ணீரில் வாழவில்லை, அவர் புல்லின் தண்ணீரில் வாழ்ந்தது. 2020 இலையுதிர் காலத்தில் அவர் புல்லைப் பெயர்த்துவிட்டு ஜல்லி பரப்பினார். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் யாரும் பாராட்ட வேண்டிய காரியம்தான். எங்களுக்கும் தண்ணீர் தருகிற கொலராடோ ஆற்றில் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பற்றாக்குறை நிலையை அரசு அறிவித்தது அதற்கு மறுவருடம், 2021 ஆகஸ்டில். ஆனால் புல் போன அன்றே என் மரத்தின் சாப்பாட்டுத் தட்டும் போனது. அதற்கப்புறம் இரண்டு கோடை தாக்குப்பிடித்தது. மேலே இலை கொஞ்சம் மெலிந்ததை நான் கவனித்தேன். தினமும் இருபது நிமிடம் என்று மாற்றியதும் அப்போதுதான்.

இது என் தெருவோடு முடிகிற விஷயம் இல்லை. பக்கத்து மாநிலமான நெவாடாவில், லாஸ் வேகாஸ் பகுதியில் அலங்காரத்துக்கு மட்டும் இருக்கிற புல்தரைகளுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது என்று 2021-லேயே சட்டம் போட்டார்கள். ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்துப் பல நகராட்சிகள் புல்லைப் பெயர்ப்பவர்களுக்குப் பணம் கொடுக்கின்றன. எல்லாம் நியாயமே. ஆனால் அந்தப் புல்லுக்கு நடுவே நிற்கிற மரங்கள் தெளிப்பான் தண்ணீரில் வேரை மேலேயே விரித்து வளர்ந்தவை. புல்லை எடுக்கும் முன் மரத்துக்குத் தனிக் குழாய் போட வேண்டும் என்பதை ஒப்பந்தக்காரர்கள் பலர் கடைசி வேலையாக வைத்திருக்கிறார்கள். சிலர் அந்த வேலையை வைத்துக்கொள்வதே இல்லை.

இனி காற்று. இங்கே கோடைப் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோதான் வரும். காற்று வரும் பக்கத்து வேர்தான் கயிறுபோல் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது. என் மரத்துக்குத் தென்கிழக்கில் கயிறே இல்லை, இருந்த ஒரே கயிறு எதிர்ப்பக்கம். எந்தத் திசையில் விழும் என்பது அந்த வேர் வடமேற்கே திரும்பிய அன்றே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

மூன்று வீடு தள்ளி நின்ற மரத்தின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற மனிதர். போய்க் கேட்டேன். டைமரை நம்பாமல், கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரப்பர் குழாயை மெல்லிசாகத் திறந்து, மர நிழலின் ஓரத்தில் போட்டுவிட்டுத் தூங்கப்போய்விடுவாராம். காலையில் எழுந்து அடைப்பார். அடுத்த முறை குழாயை வேறு பக்கம் போடுவார். இவ்வளவுதான் அவருடைய தொழில்நுட்பம். அவர் செய்ததும் ஒருவகையில் சொட்டுநீர்தான், பெரிய ஒற்றைச் சொட்டு.

மற்ற சந்தேகங்களையும் பார்த்தேன். தொட்டியில் சுற்றிய வேர் குற்றத்தில் பங்குதாரர், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஓய்வுபெற்றவருடைய மரமும் அதே நாற்றங்காலிலிருந்து வந்த மரம்தான். இங்கே கடைகளில் விற்பது பெரும்பாலும் தென் அமெரிக்க மெஸ்கீட்டின் கலப்பினம். முள் குறைவு, வளர்ச்சி வேகம், இந்த மண்ணின் சொந்த வெல்வெட் மெஸ்கீட்டைவிடச் சாய்வதில் பேர்போனது. கவாத்துச் செய்யாமல் தலையைக் கனக்கவிட்டது என் சோம்பல். எல்லாம் சேர்த்து எடைபோட்டால், தண்ணீர் ஒழுங்காகப் போயிருந்தால் மற்றவை மன்னிக்கப்பட்டிருக்கும் என்பதே என் தீர்ப்பு. ஒரு மரத்தை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது என்பதும் தெரியும்.

திருத்தியது

வீட்டுக்குப் பின்னால் இன்னொரு மரம் மிச்சம் இருந்தது. பாலோ வெர்டே. பட்டையே பச்சையாக இருக்கிற, அரிசோனாவின் மாநில மரம். அதுவும் அதே நாலு எமிட்டர், அதே புதர் வால்வு. அதை விழவிடக் கூடாது என்று 2022 அக்டோபரில் வேலை ஆரம்பித்தேன்.

முதல் வேலை வால்வைப் பிரிப்பது. டைமரில் நாலு நிலையம், அதாவது நாலு வால்வைத் தனித்தனியாக இயக்க இடம் இருந்தது, மூன்றுதான் பயன்பாட்டில். நாலாவதை மரத்துக்கு மட்டும் ஒதுக்கினேன். ஃபில்டரும் அழுத்தக் கட்டுப்படுத்தியும் சேர்த்து ஐம்பது டாலருக்குள் முடிந்த வேலை. செலவைப் பார்த்தால் இந்த ஒன்றைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். மரமும் புதரும் ஒரே வால்வில் இருக்கிறவரைக்கும் எந்த அட்டவணையும் யாராவது ஒருவருக்குத் தப்பாகத்தான் போகும்.

அப்புறம் குழாய் வளையம். தூரைச் சுற்றி ஐந்தடி தள்ளி ஒன்று, தலை விரிப்பின் ஓரத்தில் பத்தடி தள்ளி ஒன்று. இரண்டு வளையத்திலும் சேர்த்து மணிக்கு 7.6 லிட்டர் எமிட்டர் இருபது, வெளி வளையத்தில் அதிகம். தூரை ஒட்டி ஒன்றுகூட இல்லை. பழைய நாலையும் பிடுங்கி அடைத்துவிட்டேன். உறிஞ்சுகிற வேர் ஓரத்தில்தான் இருக்கிறது, தூரடியில் இருப்பவை தாங்குகிற வேர்கள்.

நேரம்: நாளுக்கு 71 லிட்டர் என்றால் பதினான்கு நாளைக்கு 1000 லிட்டர். இருபது எமிட்டரும் சேர்ந்து மணிக்கு 152 லிட்டர் விடும். ஆறரை மணி நேரம். இதைப் பார்த்ததும் டைமரில் விரல் போகத் தயங்கியது, உண்மை. இருபது நிமிடத்துக்குப் பழகிய கை. ஒரே மூச்சில் விட்டால் மேலே ஓடிவிடுமோ என்று அதிகாலையில் இரண்டு தவணையாகப் பிரித்தேன். ஒவ்வொரு எமிட்டருக்கும் ஐம்பது லிட்டர். முந்தைய சட்டிக் கணக்கையே போட்டால் இரண்டடி ஆரம் வருகிறது, பக்கத்துச் சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஈரம் இன்னும் கீழே தள்ளப்படும்.

இந்த வட்டாரத்து நகராட்சிகள் சேர்ந்து வெளியிடுகிற தண்ணீர்க் கையேடும் இதைத்தான் சொல்கிறது. பாலைவனத்துக்குப் பழகிய மரத்துக்குக் கோடையில் 7 முதல் 21 நாளுக்கு ஒருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 14 முதல் 30 நாளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் 24 முதல் 36 அங்குலம் ஆழம் நனைய வேண்டும். சிறுசெடிக்கு ஓரடி, புதருக்கு இரண்டடி, மரத்துக்கு மூன்றடி என்று சுருக்கியும் சொல்வார்கள். கையேடு ஐந்து வருடமாக என் அலமாரியில்தான் இருந்தது. சொட்டுநீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெள்ளமாகப் பாய்ச்சுகிறவர்களுக்கு எழுதியது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆழமும் இடைவெளியும் மாறுவதில்லை. குழாய் சிறுத்தால் நேரம்தான் நீள வேண்டும்.

டைமர் சொல்வதை மண் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க ஒரு கம்பி வாங்கினேன். மூன்றடி இரும்பு, மேலே குறுக்குப் பிடி. தண்ணீர் விட்ட மறுநாள் குத்தினால் ஈர மண்ணில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். முதல் சுற்றில் எல்லா இடத்திலும் இரண்டரை அடி, ஒரு மூலையில் மட்டும் பதினெட்டு அங்குலத்தில் டங் என்று நின்றது. அது காய்ந்த மண்ணின் சத்தமில்லை. கலீச்சி, அதாவது சுண்ணாம்பு இறுகிப் பாறையான அடுக்கு. நம் ஊர்ச் சுக்கான் பாறையேதான். கிணறு வெட்டுகிறவர்கள் கெட்ட வார்த்தையோடு சேர்த்து உச்சரிப்பார்களே, அது. அந்தப் பக்கத்து எமிட்டர் மூன்றைப் பிடுங்கி இரண்டடி நகர்த்தி வைத்தேன்.

விழுந்த இடத்தில் வேறு மரம் நட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கடிதம் அனுப்பியது. மெஸ்கீட் மேல் ஆசை விட்டுப்போகவில்லை, வீட்டில் விடவில்லை. கடைசியில் இரும்புமரம் என்று இங்கே சொல்கிற அயர்ன்வுட், சோனோரப் பாலைவனத்தின் சொந்த மரம், மெதுவாகத்தான் வளரும். நடும் முன் தொட்டியிலிருந்து உருவி, வட்டமடித்த வேர்களைக் கத்தியால் நாலு பக்கமும் கீறிவிட்டேன். கன்றுக்கு மட்டும் அடிக்கடி தண்ணீர் வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு மூன்று நாலு நாள், இரண்டு மாதத்தில் வாரம் ஒருமுறை என்று இடைவெளியை நீட்ட வேண்டும். பெரிய மரத்தின் வால்வில் இதைச் சேர்க்க முடியாது. அடியில் ஆணித் துளை போட்ட இரண்டு பெயின்ட் பக்கெட்டைக் கன்றின் இருபுறமும் வைத்து நிரப்பினேன். அப்பா வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "பானை வச்சா இன்னும் நல்லாருக்கும்" என்றார். பானைக்கு எங்கே போவது.

2023

அந்த வருடக் கோடை இந்தத் திருத்தத்தைச் சோதிக்கவென்றே வந்ததுபோல் இருந்தது. ஜூன் 30-லிருந்து தொடர்ந்து 31 நாள் ஃபீனிக்ஸில் வெப்பம் 110 பாரன்ஹீட், அதாவது 43.3 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. ஜூலை 19 அன்று விடியற்காலைக் குறைந்தபட்சமே 36 டிகிரி. நின்றுகொண்டிருந்த சகுவாரோக் கள்ளிகள் கை உதிர்ந்து விழுந்த கோடை அது. மழைப்பருவம் என்று சொல்கிற ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரைக்கும் விமான நிலையத்தில் பதிவான மொத்த மழை 4 மில்லிமீட்டர்கூட இல்லை, பதிவு தொடங்கியதிலிருந்து அதுதான் குறைவு.

ஜூலை இரண்டாவது வாரம் பாலோ வெர்டே இலையைக் கொட்ட ஆரம்பித்தது. பழைய ஆளாக இருந்தால் அன்றைக்கே தினமும் என்று மாற்றியிருப்பேன். கம்பியைக் குத்தினேன். இரண்டடியில் ஈரம் இருந்தது. இந்த மரம் வெயில் தாங்காத நேரத்தில் இலையை உதிர்த்துவிட்டுப் பச்சைப் பட்டையாலேயே உணவு தயாரித்துக்கொள்ளும், அது அதன் குணம், நோயில்லை. பதினான்கு நாளை மட்டும் பத்து நாளாகக் குறைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். செப்டம்பர் கடைசியில் துளிர் விட்டது.

எல்லாம் சுகமாகப் போகவில்லை. ஆகஸ்டில் ஒரு எமிட்டர் பிய்த்துக்கொண்டு, கால் அங்குல டியூப் திறந்த வாயோடு ஆறு மணி நேரம் பீய்ச்சியிருக்கிறது. அதே வளையத்தில் மீதி எமிட்டர்களுக்கு அழுத்தம் குறைந்து அந்தச் சுற்றில் சரியாக வரவில்லை. இருபது நிமிட ஓட்டத்தில் ஒரு ஒழுக்கு சில்லறை நஷ்டம். ஆறு மணி நேர ஓட்டத்தில் அதுவே தொட்டி நஷ்டம். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் முதல் பத்து நிமிடம் கையில் காபியோடு வளையத்தைச் சுற்றி வருகிறேன். முயல் ஒருமுறை குழாயைக் கடித்திருந்தது, பாவம், அதற்கும் தாகம்.

உப்பு இன்னொரு தொல்லை. எங்கள் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராமை ஒட்டிக் கரைந்த உப்புகள் இருக்கின்றன. நீண்ட பாய்ச்சல் அதை வேரைத் தாண்டிக் கீழே கொண்டுபோகிறது, ஆனால் ஈர வட்டத்தின் வெளி ஓரத்தில் வெள்ளைக் கோடு வரத்தான் செய்கிறது. பொடித் தூறல் விழுந்தால் அந்த உப்பு கரைந்து திரும்ப வேருக்கே வரும். அதனால் சிறு தூறல் அன்று தண்ணீரை நிறுத்தாதே என்பார்கள் இங்கே. மழை பெய்யும்போது தண்ணீர் பாய்ச்சுகிறவனைப் பார்த்துத் தெருவில் சிரித்தால் சிரிக்கட்டும்.

தண்ணீர் பில் கூடவில்லை, பெரிதாகக் குறையவும் இல்லை. மரத்துக்குக் கூடுதலாகப் போனதைப் புதர்கள் விட்டுக்கொடுத்தன. தினமும் வாங்கிக்கொண்டிருந்த காகிதப்பூவுக்கு இப்போது வாரம் ஒருமுறை, முன்னைவிட நிறையப் பூக்கிறது.

2024 கோடை இன்னும் மோசம். 110 பாரன்ஹீட்டைத் தொட்ட நாட்கள் மட்டும் எழுபது. அந்த ஆகஸ்டில் ஒரு புழுதிப் புயலுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு மெஸ்கீட் சாய்ந்தன. நடந்து போய்ப் பார்த்தேன், வேர்த்தட்டு என் மரத்துடையதைப் போலவே தட்டையாக இருந்தது. ஒன்றின் தூரடியில் எமிட்டர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பாலோ வெர்டே ஒரு கிளையை மட்டும் இழந்தது.

அயர்ன்வுட் இப்போது ஏழடி. பக்கெட்டுக்குப் பதிலாகப் பின்னால் போட்ட எமிட்டர்கள் இன்னும் பக்கெட் இருந்த இடத்தைச் சுற்றியே இருக்கின்றன, தலையோ ஓரடி வெளியே போய்விட்டது. வருகிற அக்டோபரில் வளையத்தை இரண்டடி தள்ளிப் போட வேண்டும். குழாயும் எமிட்டரும் வாங்கிக் கார் கொட்டகையில் வைத்தாயிற்று.